காலியாக இருந்த வரிசை

வேலை முடிந்து வந்த சின்னவள் தன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்ற மறந்து நின்றாள். கதவில் ‘நல்வரவு’ என்று இருந்தது. சிவப்பு எழுத்து. ஒவ்வொன்றும் மூன்று விரல் அகலம். வேளாவேளைக்கு ஊட்டி வளர்த்தது போலக் கொழுகொழுவென்று இருந்தன.

வரவேற்பில் அவளுக்கு ஆட்சேபணை ஒன்றும் கிடையாது. யார் வேண்டுமானாலும் வரட்டும். ஆனால் அந்த எழுத்துகள் உட்கார்ந்திருந்தது அவளுடைய துணியில். ஒரு வருஷத்துக்கும் மேலாக அவள் வரிசை வரிசையாகத் தைத்துக்கொண்டு வந்த மாதிரித் துணியில், வேண்டுமென்றே காலியாக விட்டுவைத்திருந்த கடைசி வரிசையில். துணியின் மேல் மூலை இரண்டிலும் குண்டூசி. தூசி படாமல் இருக்க அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் உறை வேறு.

அவள் தட்டுவதற்குள் கதவு திறந்தது. உள்ளே அக்கா, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு.

“எப்படி?”

சின்னவளுக்கு வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

“பேச்சே வரல பாத்தியா! மாப்பிள்ள, இங்க வாங்க! உங்க வீட்டம்மாவுக்குப் பேச்சு வரல!”

“அக்கா, இது...”

“நான்தான். வேற யாரு வருவா? நீ வச்சிருந்த இடத்துலயே வச்சிருந்தா அது பெட்டிக்குள்ள கெடந்து மக்கித்தான் போயிருக்கும். நீ வேலைக்குப் போனதும் எடுத்து உக்காருவேன், நீ படி ஏறுற சத்தம் கேட்டதும் ஒளிச்சு வச்சுடுவேன். விரலப் பாரு, எத்தன குத்து!”

சின்னவள் விரலைப் பார்த்தாள். குத்து இருந்தது. போதுமான அளவு இல்லை என்று தோன்றியது.

அக்கா ஒரு பள்ளிக்கூடத்தில் உதவித் தலைமை ஆசிரியை. தன் வீட்டுக்கு வண்ணம் அடிக்க விட்டுவிட்டு, பெயின்ட் வாசனை ஒத்துக்கொள்ளாமல், விடுமுறையோடு விடுமுறையாகத் தங்கை வீட்டில் வந்து தங்கியிருந்தாள். அவளிடம் ஒரு குணம். எதையும் முடித்து வைப்பாள். அடுத்தவர் ஆரம்பித்த வாக்கியத்தை முடித்து வைப்பாள். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் யோசித்துக்கொண்டிருக்கும் குறுக்கெழுத்தை எட்டிப் பார்த்து முடித்து வைப்பாள். சின்ன வயதில் சின்னவள் இரண்டு மலை வரைந்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனால், திரும்பி வருவதற்குள் நடுவில் சூரியன் உதித்திருக்கும். கண், மூக்கு, சிரிப்பு எல்லாவற்றோடும். வீட்டுக்கு வந்தவர்கள் சின்னவளைப் பார்த்து, “பாப்பா என்ன படிக்கிற?” என்று கேட்டால் பதில் அக்காவிடமிருந்து வரும். சின்னவள் ஊமையோ என்று ஒரு தூரத்து மாமா பல காலம் நினைத்துக்கொண்டிருந்தார். ஒரு கல்யாண வீட்டில் அவள் தண்ணீர் கேட்டபோது மனிதர் பதறிப்போய்விட்டார்.

“நல்லா இருக்குல்ல?” என்றாள் அக்கா.

“ம்” என்றாள் சின்னவள்.

அந்த ஒரு எழுத்துக்காகத் தன்னையே கன்னத்தில் அறைந்துகொள்ளலாம் போல அவளுக்கு இருந்தது.

மாதிரித் துணி என்பது பெரிய மர்மம் ஒன்றுமில்லை. ஒரு நீளத் துணியில், தெரிந்த தையல்களை எல்லாம் ஒன்றின்கீழ் ஒன்றாக வரிசை கட்டிப் போட்டுப் பார்ப்பது. அவ்வளவுதான். அது தலையணை உறை ஆகாது. டிவி மேல் போட முடியாது. அதைக் கையில் எடுத்த நாளிலிருந்து பார்த்தவர்கள் அத்தனை பேரும் அவளிடம் கேட்டது ஒரே கேள்வி: “இது எதுக்கு?” அவள் சொன்னதும் ஒரே பதில்: “ஒண்ணுக்கும் இல்ல.” கேட்டவர்கள் அவளை அனுதாபத்தோடு பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். ஒன்றுக்கும் இல்லாத ஒன்று தன்னிடம் இருக்கிறது என்பதில் அவளுக்கு எவ்வளவு கர்வம் என்று அவர்களுக்குத் தெரியாது.

அவளுக்கு ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸைச் சீவி, சட்டத்தில் பொருத்துகிற வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை அடுத்தவர் கண், அடுத்தவர் மூக்கு, அடுத்தவர் எழுதிக் கொடுத்த எண். கடுகளவு தப்பினாலும் யாரோ ஒருவர் படிக்கட்டில் தடுக்கி விழுவார். துணியில் அப்படி இல்லை. அங்கே எண்ணுவதும் அவள், எண்ணியதை மாற்றுவதும் அவள். கட்டம் போட்ட தாளில் ஒரு கட்டத்துக்கு ஒரு தையல் என்று பென்சிலால் குறித்துப் பார்ப்பாள். கடையில் நூலை வாங்கும்போது விளக்கடியில் பார்க்க மாட்டாள். வாசலுக்கு எடுத்துப் போய், பச்சைக்குப் பக்கத்தில் பழுப்பை வைத்து, பழுப்பைத் தள்ளிவிட்டு ஊதாவை வைத்து, கடைக்காரர் கொட்டாவி விடும்வரை பார்ப்பாள். நூல் ஆறு இழையாக வரும். அதிலிருந்து இரண்டு இழையை மட்டும் உருவி எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் சிக்கிக்கொள்ளும். மெதுவாக இழுத்தால் மற்ற நாலும் சுருண்டு மேலேறி, கடைசியில் தொப்பென்று விடுபட்டு நேராகும். அந்தத் தொப்புக்காகவே அவள் தைக்க உட்கார்ந்த நாட்கள் உண்டு.

முதல் வரிசை ஓட்டுத் தையல், எறும்பு போவது போல. அதன்கீழ் சங்கிலி. அதன்கீழ் மீன்முள். அப்புறம் முடிச்சுத் தையலில் கடுகு இறைத்தது போல ஒரு வரிசை. அதன்கீழ் குறுக்குத் தையலில் பறவைகள். எல்லாம் இடப்பக்கம் பார்க்க, ஒன்று மட்டும் வலப்பக்கம் பார்க்கும். ஏன் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. அன்றைக்கு அப்படி இருந்தது. பின்பக்கமும் முன்பக்கம் போலவே சுத்தம். எங்கேயும் முடிச்சு இல்லை, தொங்கும் நூல் இல்லை.

கடைசி வரிசையில் ஒரு கொடி. இடது ஓரத்திலிருந்து ஒன்று வர வேண்டும், வலது ஓரத்திலிருந்து ஒன்று வர வேண்டும், இரண்டும் நடுவில் சந்திக்க வேண்டும். தாளில் போட்டால் சில சமயம் அரை இலை குறைந்தது. சில சமயம் ஒரு சுருள் அதிகமாகி ஒன்றின் தலையில் ஒன்று முட்டிக்கொண்டது. அழிப்பாள், மறுபடி போடுவாள். பேருந்தில் மனதுக்குள் போடுவாள். கடையில் ஒருவர் பத்து சட்டம் மாற்றி மாற்றிப் போட்டு அழகு பார்த்துக்கொண்டிருக்கும்போது, இவள் ஒரு இலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பாள். நாள் முழுக்க நாக்கடியில் வைத்த மிட்டாய் மாதிரி அந்தக் காலி இடம் அவளோடு இருந்தது. தைத்துவிட்டால் தீர்ந்துவிடும் என்று தெரிந்தேதான் தைக்காமல் வைத்திருந்தாள்.

அந்த மிட்டாயைத்தான் அக்கா எடுத்து நொறுக்கென்று கடித்துவிட்டாள். கடித்துவிட்டு, “எப்படி?” என்று வேறு கேட்டாள்.

அக்கா குளிக்கப் போன நேரமாகப் பார்த்து, சமையலறையில் சின்னவள் கணவனைப் பிடித்தாள். கணவன் மின்தூக்கி பழுது பார்ப்பவன். இரண்டு மாடிக்கு நடுவில் நிற்பது அவனுக்குத் தொழில். வீட்டிலும் அதையே செய்தான்.

“நீங்க வீட்டுலதான் இருந்தீங்க. பாத்துட்டுச் சும்மா இருந்தீங்களா?”

“நான் அரை நாள்தான் இருந்தேன். அப்போ ‘வ’ வரைக்கும் வந்திருந்தாங்க.”

“ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

“என்ன எழுதப் போறாங்கன்னு பாக்கலாம்னு இருந்தேன்.” அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினான். “நீ சொல்றது நியாயம். அது உன் துணி. ஆனா அண்ணி பக்கமும் யோசிச்சுப் பாரு, ஆசையாப் பண்ணியிருக்காங்க.”

“என் கோபத்துக்கு ஒரு பக்கந்தான் இருக்கு. ரெண்டாவது பக்கம் கேக்காதீங்க.”

“ஒரு யோசனை சொல்றேன். அண்ணி ஊருக்குப் போற வரைக்கும் பல்லக் கடிச்சுட்டு இரு. போனதும் பிரிச்சுடு. அவங்களுக்கும் மனசு நோகாது, உனக்கும் துணி கெடைக்கும்.”

“அடுத்த தடவ வந்து எங்கன்னு கேட்டா?”

“துவைக்கப் போட்டிருக்குன்னு சொல்லு.”

“எப்பவுமே துவைச்சுக்கிட்டே இருப்பேனா?”

அவன் அடுப்பை எட்டிப் பார்த்தான். இருந்தாலும் சின்னவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். வேறு வழி தெரியவில்லை. அக்காவிடம் எதிர்த்துப் பேசுவதற்கு ஒரு வாக்கியத்தை ஆரம்பிக்க வேண்டும். ஆரம்பித்த வாக்கியத்தை அக்கா முடித்துவிடுவாள்.

பல்லைக் கடிப்பது அவள் எதிர்பார்த்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. காரணம், ஊரே பாராட்டியது. மேல் வீட்டுக்காரர் படியேறும்போது நின்று படித்தார். பால் போடுகிறவர் படித்தார். கீழ் வீட்டு அம்மா மொட்டைமாடிச் சாவியைக் கொடுக்க வந்தவள், துணியை உறையோடு தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“இத்தன நாளா நீயும் தைச்சுக்கிட்டு இருந்தே. என்னத்தத் தைக்கிறேன்னு எனக்கு வெளங்கவே இல்ல. இப்பத்தாம்மா புரிஞ்சுது.”

“என்ன புரிஞ்சுது?”

“நல்வரவு!”

“மேல இருக்கிற பறவையெல்லாம்?”

“அதுவும் அழகுக்கு இருந்துட்டுப் போகட்டும்.”

உள்ளேயிருந்து அக்கா, “கண்ணுக்கு லட்சணமா ஒரு வார்த்த இருந்தாத்தானே மத்ததெல்லாம் எடுபடும்!” என்றாள். இருவரும் சிரித்தார்கள். சின்னவளுடைய ஒரு வருஷம் அந்தச் சிரிப்பில் அலங்கார ஓரமாகச் சுருங்கியது.

மறுநாள் கடையில் அவள் ஒரு லென்ஸை அளவுக்கு மேல் சீவிவிட்டாள். அது சட்டத்தில் நிற்காமல் மேஜையில் உருண்டு ஓடியது. கண் பரிசோதகர் அதைக் குனிந்து எடுத்துக் கொடுத்தார். நல்ல மனிதர். எதைச் சொன்னாலும் முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது.

“யார் மேல கோபம்?”

சொன்னாள். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

“அஞ்சு எழுத்துதானே? இங்க பாரு, நம்ம சுவர் முழுக்க எழுத்து. ஒண்ணுக்கும் அர்த்தம் கெடையாது. எத்தன வருஷமா வர்றவங்க எல்லாம் வாசிச்சுட்டுப் போறாங்க. யாராவது கோவிச்சுக்கிட்டாங்களா?”

“உங்க சுவர்ல ஒரு இடம் காலியா இருந்து, அதுல நான் வந்து நல்வரவுன்னு எழுதினா?”

அவர் சுவரைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

“கையை ஒடிச்சிருப்பேன்” என்றார், அதே முகத்தோடு.

அந்த வாரத்தில் யாரும் அவளிடம் பேசிய உருப்படியான வார்த்தை அது ஒன்றுதான்.

விடுமுறை நாள் காலையில் மூவரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா வீட்டில் வண்ணம் அடித்து முடிந்துவிட்டது என்று போன் வந்திருந்தது. கணவன் சின்னவளைப் பார்த்து, ‘சொன்னேன்ல’ என்று கண்ணால் சொன்னான். இன்னும் கொஞ்சம் பொறுத்தால் போதும். சின்னவளும் அப்படித்தான் நினைத்தாள். அப்போது அக்கா டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னாள்.

“அந்தத் துணிய நான் எடுத்துட்டுப் போறேன்டி.”

“எங்க?”

“ஸ்கூலுக்கு. கைவேலை வகுப்புல மாட்டலாம்னு இருக்கேன். எதையும் பாதியில போட்டுட்டுப் போற பிள்ளைங்கதான் எல்லாம். ஒரு வேலைய முடிச்சா எப்படி இருக்கும்னு அதுங்க கண்ணால பாக்கட்டும். வேணும்னா கீழ உன் பேரையும் போட்டுடறேன்.”

உன் பேரையும். அந்த ‘உம்’ சின்னவளுடைய காதுக்குள் போய் உட்கார்ந்தது.

அவள் எழுந்தாள். வாசலுக்குப் போனாள். உறையை உருவி எறிந்து, குண்டூசிகளைப் பிடுங்கி, துணியோடு திரும்பி வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தாள். தையல் பெட்டியிலிருந்து சின்னக் கத்தரிக்கோலை எடுத்தாள். நாரைமூக்கு மாதிரிக் கூரானது. தையல் பிரிப்பதைத் தவிர வேறு எதற்கும் அவள் அதைத் தொடுவதில்லை.

“என்ன பண்ற?” என்றாள் அக்கா.

“பிரிக்கிறேன்.”

“எதை?”

“நல்வரவ.”

கணவன் டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டான். குடிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டியிருந்தது.

சின்னவள் துணியைத் திருப்பினாள். அக்கா கைவைத்த பிறகு பின்பக்கத்தை இப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தாள். அவளுடைய வரிசைகள் எல்லாம் அமைதியாக இருந்தன. கடைசி வரிசை மட்டும் முடிச்சு முடிச்சாக, ஒரு எழுத்திலிருந்து அடுத்த எழுத்துக்கு நூலை அப்படியே இழுத்துப் போட்டு, கொடி கட்டித் துணி காயப்போட்டது மாதிரி இருந்தது. ஆறு இழை நூலைப் பிரிக்காமல் அப்படியே கோத்து, கோணி தைக்கிற ஊசியால் குத்தித் தள்ளியிருந்தாள் அக்கா. அதெல்லாம் பரவாயில்லை. பிரிக்க முடியும். ‘ந’வின் முதல் தையலுக்கு அடியில் கத்தரியை நுழைக்கப் பார்த்தாள். நுழையவில்லை. விரலால் தடவினாள். காய்ந்த நகம் மாதிரி கட்டியாக ஏதோ.

“இது என்ன?”

“பசை.”

“பசையா?”

“பின்ன? முடிச்சு அவுந்து போச்சுன்னா? எழுத்துக்கு எழுத்து பின்னாடி பூசி வச்சிருக்கேன். எத்தன வருஷமானாலும் அசையாது.” அக்காவின் குரலில் இப்போதும் ஒரு பெருமை இருந்தது.

சின்னவள் ‘ந’வின் நூல்களை முன்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக வெட்டினாள். பின்னாலிருந்து பசைக்கட்டியை நகத்தால் நெம்பினாள். மெதுவாகத்தான் நெம்பினாள். கட்டி வந்தது. கூடவே துணியின் இழைகளும் வந்தன. ‘ந’ இருந்த இடத்தில் அவளுடைய சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை. ஓட்டை வழியாக ஜன்னல் வெளிச்சம் அவள் மடியில் விழுந்தது.

“நான் சொல்லல? அசையாதுன்னு” என்றாள் அக்கா.

“வாய மூடு.”

அறை சட்டென்று சின்னதாகிவிட்டது. கணவன் சுவரோடு சாய்ந்துகொண்டான்.

“என்னடி சொன்ன?”

“வாய மூடுன்னு சொன்னேன். இன்னொரு தடவ வேணுமா? நான் பேசி முடிக்கிற வரைக்கும் மூடிட்டு இரு. நடுவுல பூந்து முடிச்சு வைக்காத.” கத்தரியை மடியில் வைத்தாள். “யாரக் கேட்டு இதுல கைய வச்ச?”

“ஏன்டி, காலியாத்தானே இருந்துச்சு!”

“காலியா இல்ல! நான் யோசிச்சுட்டு இருந்தேன்!”

“எத்தன மாசமா யோசிப்ப?”

“எத்தன மாசம் வேணாலும் யோசிப்பேன். பத்து வருஷம் யோசிப்பேன். யோசிக்காமலே அப்படியே விட்டுட்டுச் செத்துப் போவேன். உனக்கென்ன? வீடு, வேலை, நீங்க வாங்கித் தர்ற சேலை, எல்லாத்துலயும் உங்க எல்லாருக்கும் ஒரு கை இருக்கு. நான் மூக்குக்கண்ணாடிக் கடையில வேலை செய்றேன், என் கண்ணாடிச் சட்டத்தக்கூட நீதான் எடுத்துக் குடுத்த. போட்டுட்டு இருக்கேன், பாரு. இது ஒண்ணுதான், இந்த நாலு விரக்கடை துணிதான், யாரும் எதுவும் சொல்லாம எனக்குன்னு கெடந்துச்சு. அதுலயும் வந்து பசையப் பூசி வச்சிருக்க.”

அக்காவின் முகம் மாறியது. அடி வாங்கிய முகம்தான். ஆனால் அவளுக்கும் ரோஷம் உண்டு.

“நான் என்ன கொலையா பண்ணிட்டேன்? நாலு நாள் உக்காந்து கண்ணு எரிய எரியத் தைச்சேன். எனக்கும் நல்லாத்தான் இருந்துச்சு, தெரியுமா? மதியத்துல வீடு அமைதியா இருக்கும். ஊசி உள்ள போய் வெளிய வர்றத மட்டும் பாத்துட்டு இருந்தேன். ஸ்கூல் ஞாபகமே வரல. எத்தன வருஷமாச்சு அப்படி உக்காந்து!”

இது சின்னவள் எதிர்பார்க்காதது. அவளுக்குத் தெரிந்த அமைதி அது. ஊசி உள்ளே போய் வெளியே வருகிற அந்த மதியம் அவளுக்கும் தெரியும். ஒரு கணம் கோபம் காலை ஊன்ற இடமில்லாமல் தடுமாறியது.

“அப்படின்னா வேற துணி எடுத்திருக்கலாமே அக்கா? பெட்டி நிறைய இருக்கே. நூலும் இருக்கு. நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்?”

அக்கா அவளை விநோதமாகப் பார்த்தாள்.

“வேற துணின்னா மொதல்ல இருந்து ஆரம்பிக்கணுமேடி!”

கோபத்துக்கு இடம் கிடைத்துவிட்டது. இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டது.

சின்னவள் அதற்குமேல் கத்தவில்லை. துணியை மடியில் நேராக விரித்தாள். பறவை வரிசைக்குக் கீழே, நல்வரவுக்கு மேலே, இரண்டு விரல் இடைவெளி இருந்தது. அதில் ஓரமாக ஊசியின் நுனியை விட்டு, துணியின் நெய்த இழையில் ஒன்றை மட்டும் தூக்கினாள். அதைப் பிடித்து இழுத்தாள். துணி சுருங்கியது. நீவிவிட்டாள். மறுபடி இழுத்தாள். இழை கொஞ்சம் கொஞ்சமாக, குறுக்கே, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை உருவி வந்தது. அது போன வழி துணியில் ஒரு மெல்லிய நேர்கோடாகத் தெரிந்தது. துணியைக் கோணாமல் வெட்ட வேண்டுமென்றால் இப்படித்தான் வழி போட்டுக்கொள்ள வேண்டும்.

“பாத்தீங்களா மாப்பிள்ள” என்றாள் அக்கா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. “கத்தினாலும் சரி பண்ணத்தான் பாக்குறா. அவ நல்லவதான்.”

“ஆமாங்க அண்ணி” என்றான் கணவன். அவனுக்கு அந்தக் கோடு புரிந்துவிட்டது. மின்தூக்கியில் கம்பி அறுவதற்கு முன்னால் வருகிற சத்தத்தைக் கேட்டவன் மாதிரி நின்றான்.

சின்னவள் பெரிய கத்தரிக்கோலை எடுத்தாள். கோட்டின்மேல் வைத்தாள். வெட்டினாள். கத்தரி ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை ஒரே சீராக, கர்ரென்று போனது. கடைசி அங்குலத்தில் கத்தரி ஒரு விநாடி நின்றது. அப்புறம் அதையும் வெட்டினாள். நல்வரவு அவள் காலடியில் விழுந்தது.

கீழ் வீட்டில் யாரோ பாத்திரம் உருட்டினார்கள்.

அவள் அந்தத் துண்டைக் குனிந்து எடுத்து அக்காவிடம் நீட்டினாள்.

“இது உன்னோடது. எடுத்துட்டுப் போ. ஸ்கூல்ல மாட்டு, வீட்டுல மாட்டு, கழுத்துல மாட்டு.”

அக்கா அதை வாங்கி, இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள். ‘ல்வரவு’ என்று இருந்தது.

“‘ந’ எங்க?”

சின்னவள் கீழே கிடந்த சிவப்பு நூல் பிசிறைக் காட்டினாள்.

அக்கா கொஞ்ச நேரம் அந்த ஓட்டையைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது. அழப் போகிறாள் என்றுதான் கணவன் நினைத்தான், சின்னவளும் நினைத்தாள். அக்கா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, துணியை இன்னும் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“பின்னாடி ஒரு ஒட்டுத்துணி வச்சா ‘ந’வப் போட்டுடலாம்” என்றாள். “ஓரம் வேற பிசிறு பிசிறா வருது. இத மட்டும் மடிச்சுத் தைச்சுக் குடுத்துடு.”

“மாட்டேன்.”

“ரெண்டு நிமிஷ வேலைடி.”

“மாட்டேன்.”

“உனக்கு எதையும் முழுசாப் பண்ணத் தெரியாது.”

“ஆமா. தெரியாது. தெரிஞ்சுக்கவும் மாட்டேன். வண்ணம் அடிச்சாச்சுல்ல? கெளம்பு.”

வாழ்க்கையில் முதல்முறையாக அக்காவின் முன்னால் அவள் ஆரம்பித்த வாக்கியங்கள் எல்லாம் அவளிடமே முடிந்திருந்தன. அதைக் கவனிக்கிற நிலையில் அவள் இல்லை.

அக்கா பெட்டியைக் கட்டுவதற்கு வெகு நேரம் எடுத்துக்கொண்டாள், யாராவது தடுப்பார்கள் என்று. கணவன் மட்டும், “சாப்பிட்டுட்டுப் போலாமே அண்ணி” என்று அறைக்கும் கூடத்துக்கும் நடுவில் நின்று இரண்டு தடவை சொன்னான். அக்கா அவனிடம் போய்வருகிறேன் என்றாள், சுவரிடம் போய்வருகிறேன் என்றாள். தங்கையிடம் சொல்லவில்லை. தோளில் தொங்கிய பையிலிருந்து சிவப்பாக ஒரு ‘வு’ எட்டிப் பார்த்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கணவன் கூடவே இறங்கிப் போனான். படியில் இரண்டு பேருடைய குரலும் கேட்டது. அக்கா பேசினாள். அவன் ஆமாம் போட்டான். மேலே வந்ததும் இங்கேயும் ஆமாம் போடுவான் என்று சின்னவளுக்குத் தெரியும். அவன் மேலும் கோபம் வந்தது. கீழ் வீட்டு அம்மா மேல் வந்தது. பால் போடுகிறவர் மேலும் வந்தது.

பெட்டியின் அடியில் அதே துணியில் மிச்சம் ஒரு துண்டு இருந்தது. அதிலும் ஒரு இழையை உருவி, நேராக வெட்டினாள். பறவைகளின் காலடியில் அதை வைத்துப் பார்த்தாள். நெசவுக்கு நெசவு பொருந்தியது. ஒட்டுப் போட்டது தெரியும். தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும். இரண்டு இழையை உருவிக் கோத்துத் தைக்க ஆரம்பித்தாள்.

கை கோபத்தில் இருந்தது. ஒவ்வொரு தையலையும் இழுத்து இறுக்கியது. பாதி தூரம் போவதற்குள் துணி நெற்றி மாதிரி சுருங்கிக்கொண்டது. நீவிப் பார்த்தாள், நேராகவில்லை.

கணவன் வந்து கதவைச் சாத்தினான். அவள் முகத்தைப் பார்த்தான். வாயைத் திறந்தான்.

“ஒண்ணும் சொல்லாதீங்க” என்றாள்.

சின்னக் கத்தரியை எடுத்து, தான் போட்ட தையலை எல்லாம் தானே வெட்டினாள். நூல் சிரமமே இல்லாமல் வந்தது. துணியை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஊசியில் புதிதாக நூல் கோத்து, முதல் தையலை மறுபடி போட்டாள். இன்னும் கோபமாகத்தான் இருந்தாள். நூலை மட்டும் கொஞ்சம் தளர்த்திப் பிடித்திருந்தாள்.